ஏழு கிலோவுக்குள்ள ஒரு ஸ்டூடியோ

கேமரா எது வாங்கலாம், லென்ஸ் எது நல்லது என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாங்கியதை விமானத்தில் எப்படிக் கொண்டு போவது என்று சொல்பவர்கள் ரொம்பக் கம்மி. அந்தக் கம்மியான ஆட்களும் பெரும்பாலும் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள். அதைக் கேட்டு நம்ம கள்ளக்குறிச்சி ஆள் பெட்டி கட்டினால், விமானம் ஏறுவதற்கு முன்னாடியே டவுசர் கிழிந்துவிடும் :-)

நான் பெங்களூரில் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். போட்டோகிராபி எனக்கு வெறும் பொழுதுபோக்கு. ஆனால் என் கூட்டாளிகளில் இரண்டு பேருக்கு அதுதான் சோறு. முகூர்த்த மாசத்தில் ஆபீஸில் ஆணி கம்மியாக இருந்தால் நானும் அவர்களோடு இரண்டாவது கேமராவாகப் போவேன். அதனால் எந்தப் பை அழகு, எந்தப் பையில் எத்தனை ஜிப் என்கிற கதையெல்லாம் இங்கே வராது.

என் கட்சி இதுதான். கேமராவை எடுத்துக்கொண்டு பறக்கிறவனுக்கு இந்தியாவில் மூன்று விதிகள் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் மொத்த ரிஸ்க்கும் கடன் வாங்கி கேமரா வாங்கினவன் தலையில்தான் விழுகிறது. இது மாறணும். மாறுகிற வரைக்கும் அதற்கேற்ற மாதிரி பெட்டி கட்டவும் தெரிஞ்சிக்கணும்.

கள்ளக்குறிச்சியில் இருந்து யாருங்க பறக்கிறாங்க?

நியாயமான கேள்விதான். 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆன ஊர் நம்மது. விமான நிலையம் கிடையாது. சேலத்துக்கு (அதாவது ஓமலூர் பக்கம் கமலாபுரத்துக்கு) போகணும், இல்லை புதுச்சேரி, திருச்சி, சென்னை என்று ஏதாவது ஒன்றைப் பிடிக்கணும். எதுவாக இருந்தாலும் பஸ்ஸிலோ காரிலோ சில மணி நேரம்.

ஆனால் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி ஊர் ஸ்டூடியோக்காரருக்கு எல்லை என்றால் சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், மிஞ்சிப் போனால் ஆத்தூர். இப்போ அப்படி இல்லை. மாப்பிள்ளை ஹைதராபாத்தில் வேலை, ரிசப்ஷன் அங்கே. பொண்ணு வீட்டுக்கு சிங்கப்பூரில் சொந்தம், அங்கே ஒரு விசேஷம். கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டிங் என்றால் முன்பெல்லாம் கல்வராயன் மலையில் மேகம் அருவி, பெரியார் அருவி, கரியாலூர் படகுத்துறை என்று முடிந்துவிடும். (இன்னைக்கும் எனக்கு அதுதான் பிடிக்கும். வெள்ளிமலை போகும் வழியில் காலை நேரத்துப் பனியில் எடுத்த படத்தை எந்த ஊர் படத்தோடும் வைத்துப் பார்க்கலாம்.) இப்போ ஜோடிகள் கோவா, காஷ்மீர் என்று கேட்கிறார்கள். போகவில்லை என்றால் ஆர்டர் வேற ஊர் ஆளுக்குப் போய்விடும்.

இந்த ஆள்களின் கேமரா பையில் இருப்பது மூன்று நான்கு லட்ச ரூபாய் பொருள். அதில் பாதிக்கு இன்னும் இஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கும். ஒரு லென்ஸ் போனால் ஒரு சீசன் சம்பாத்தியம் போச்சு. கார்ப்பரேட் வேலையில் லேப்டாப் உடைந்தால் ஐடி டிபார்ட்மெண்டுக்கு ஒரு டிக்கெட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். இவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

விதி ஒன்று: பேட்டரி கீழே போகக் கூடாது

லித்தியம் பேட்டரி தனியாக (அதாவது கேமராவுக்குள் மாட்டாமல்) இருந்தால் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. கையில் எடுத்துப் போகும் பையில்தான் இருக்கணும். பவர் பேங்கும் இதே கணக்குதான். இது நம்ம ஊர் விதி மட்டும் இல்லை, உலகம் முழுக்க இப்படித்தான். இந்த விதிக்கு நான் முழு ஆதரவு. ஏன் என்று தெரிந்தால் நீங்களும் ஆதரிப்பீர்கள்.

லித்தியம் செல் சூடேறி ஒரு கட்டத்தைத் தாண்டினால், தன் சூட்டிலேயே அடுத்த செல்லையும் கொளுத்திவிடும். விமானத்தின் அடியில் சரக்கு வைக்கும் இடத்தில் தீயை அடக்க ஹாலான் வாயு உண்டு. அது சுவாலையை அமுக்கும். ஆனால் செல்லுக்குள் நடக்கிற அந்தச் சங்கிலியை நிறுத்தாது. மேலே பயணிகள் இடத்தில் புகை வந்தால் யாராவது பார்ப்பார்கள், தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். கீழே வந்தால் பார்க்க ஆள் இல்லை. 2010 செப்டம்பர் 3-ம் தேதி துபாயில் இருந்து கிளம்பிய யுபிஎஸ் சரக்கு விமானத்தில் தீப்பிடித்து விமானிகள் இரண்டு பேரும் இறந்தார்கள். அதில் ஏற்றியிருந்த சரக்கில் லித்தியம் பேட்டரிகள் நிறைய. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் எரிந்தபோது பவர் பேங்க் மேல்தான் சந்தேகம் விழுந்தது. அதற்கப்புறம் பல நிறுவனங்கள் பிடியை இறுக்கின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1-ல் இருந்து விமானத்துக்குள் பவர் பேங்கில் போனை சார்ஜ் போடவே கூடாது.

கணக்கு எளிது. பேட்டரியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் எம்ஏஹெச்சையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-அவர். நூறு வாட்-அவர் வரைக்கும் யாரிடமும் கேட்க வேண்டாம். நூறுக்கு மேல் நூற்று அறுபது வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் கூடுதலாக இரண்டுதான். அதற்கு மேல் பயணி கொண்டு போகவே முடியாது.

சோனியின் எஃப்இசட்100 பேட்டரி 7.2 வோல்ட், 2280 எம்ஏஹெச். பெருக்கினால் 16.4 வாட்-அவர். பிரச்சினையே இல்லை. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74. அதுவும் ஓகே. 30,000 என்றால் 111 ஆகிவிடும், அனுமதி வாங்கணும். வீடியோ எடுப்பவர்கள் வைத்திருக்கும் வி-மவுண்ட் பேட்டரிகளில் நிறைய 95, 98, 99 என்று விசித்திரமான எண்ணில் இருப்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? இந்த நூறு வாட்-அவர் கோட்டுக்காகத்தான்.

சரி, பேட்டரி மேலே. இதுவரைக்கும் சண்டை இல்லை.

விதி இரண்டு: மேலே ஏழு கிலோதான்

இங்கேதான் ஆரம்பிக்கிறது. நம்ம ஊர் உள்நாட்டு விமானங்களில் எகானமி பயணிக்கு கைப்பை ஏழு கிலோ. ஒரு சாதாரண கல்யாண போட்டோகிராபரின் பையை நிறுத்துப் பார்ப்போம்.

சோனி ஏ7 மார்க் 3 இரண்டு: பேட்டரியோடு 1300 கிராம்.
24-70 எஃப்2.8 ஜிஎம் (பழைய மாடல்): 886 கிராம்.
70-200 எஃப்2.8 ஜிஎம் (அதுவும் பழசு): 1480 கிராம்.
85 எஃப்1.8: 371 கிராம்.

இதுவே நான்கு கிலோவைத் தாண்டியாச்சு. ஃபிளாஷ் இரண்டு ஒரு கிலோ. பேட்டரி ஆறு, சார்ஜர், கார்டு, வயர் எல்லாம் சேர்த்து முக்கால் கிலோ. லேப்டாப் இரண்டு கிலோ. இதையெல்லாம் போட ஒரு நல்ல பை, அது ஒன்றரை முதல் இரண்டு கிலோ. கூட்டினால் ஒன்பதரையைத் தொடுகிறது. இன்னும் ஒரு பல் துலக்கும் பிரஷ் கூட வைக்கவில்லை!

அமெரிக்க யூடியூப் அண்ணன்கள் சொல்வது கெட்டியான பெலிகன் பெட்டி. அவர்கள் ஊரில் பெரிய நிறுவனங்கள் பலவும் கைப்பையை எடை போடுவதில்லை, அளவு மட்டும்தான் பார்க்கும். அதனால் அது அவர்களுக்குச் சரி. விமானத்தின் மேல் தட்டில் போகிற மாதிரி செய்த பெலிகன் 1510 காலியாகவே ஐந்து கிலோவுக்கு மேல். ஏழில் ஐந்து போனால் மீதி இரண்டு. இரண்டு கிலோவுக்குள் என்ன வைப்பது, மொய்ப் பணமா?

அவர்கள் சொல்கிற இன்னொரு தந்திரமும் உண்டு. பெட்டியில் ஒரு ஓட்டப்பந்தயத் துப்பாக்கியை வைத்து 'ஆயுதம்' என்று அறிவித்துவிட்டால், அந்தப் பெட்டியைக் கெட்டியாகப் பூட்டிக்கொள்ளலாம், நிறுவனமும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். தயவு செய்து அதை இங்கே முயற்சி பண்ணாதீங்க. கேமரா பத்திரமாக இருக்கும், நீங்கள்தான் உள்ளே இருப்பீர்கள்.

அடுத்தது, நம்ம பக்கத்துக்கே உரிய கூத்து. சேலம், புதுச்சேரி மாதிரி சின்ன நிலையங்களுக்கு வருவது பெரும்பாலும் ஏடிஆர் 72. விசிறி வைத்த விமானம், எழுபது எழுபத்தெட்டு பேர் உட்காரலாம். சேலத்தில் 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சேவை ஆரம்பித்து, நடுவில் நின்று, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் அந்த விமானத்தில் தலைக்கு மேல் இருக்கும் தட்டு சின்னது. ஏர்பஸ்ஸில் நுழைகிற டிராலி இதில் நுழையாது. படிக்கட்டு பக்கத்தில் ஊழியர் நின்று, பெரிய பைகளுக்கு ஒரு அட்டையைக் கட்டி, கீழே போடச் சொல்லிவிடுவார்.

கவுண்டரில் ஏழு கிலோ சரியாக இருந்த பைக்குக் கூட இது நடக்கும். ஒரு தடவை என் கூட்டாளிக்கு நடந்தது (எந்த நிறுவனம், எந்த ஊர் என்பது வேண்டாம்). பைக்குள் பேட்டரி இருக்கு, கீழே போடக் கூடாது என்று சொன்னார். 'அப்போ பேட்டரியை எடுத்துக்குங்க சார்' என்றார் அந்த ஊழியர். அவர் சொன்னது விதிப்படி நூற்றுக்கு நூறு சரி. கைப்பையைக் கடைசி நேரத்தில் கீழே அனுப்பினால் அதிலிருக்கும் உதிரி பேட்டரியை எடுத்தே ஆகணும். பின்னாடி நாற்பது பேர் வரிசையில் முறைத்துக்கொண்டு நிற்க, வெயிலில் தார் தரையில் பையைப் பிரித்து ஒவ்வொரு பேட்டரியாகப் பொறுக்கி பேண்ட் பாக்கெட்டில் போட்டார் மனுஷன். பேட்டரி எல்லாம் மேலே வந்துவிட்டது. மூன்று லட்ச ரூபாய் கண்ணாடி கீழே போனது. இறங்கிப் பார்த்தால் 24-70 லென்ஸின் முன் வளையம் நசுங்கியிருந்தது.

விதி மூன்று: உடைந்தால் இருபதாயிரம்

புகார் கொடுத்தார். 'உடையும் பொருட்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று பதில் வந்தது. பல நிறுவனங்களின் டிக்கெட் நிபந்தனைகளில் இந்த வாசகம் இருக்கும். கேமரா, நகை, லேப்டாப்பை செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள், வைத்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று.

நல்லா கவனிங்க. நாமாக வைக்கவில்லை. அவர்கள்தான் கீழே போடச் சொன்னார்கள்.

சரி, பொறுப்பேற்றாலும் எவ்வளவு கிடைக்கும்? 1972-ம் வருடத்து விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், உள்நாட்டுப் பயணத்துக்கு 2014 ஜனவரியில் வந்த அறிவிக்கைப்படி, பெட்டி தொலைந்தாலும் உடைந்தாலும் தாமதமானாலும் ஒரு பயணிக்கு உச்சவரம்பு இருபதாயிரம் ரூபாய். அந்த 70-200 லென்ஸின் விலையில் எட்டில் ஒரு பங்கு கூடத் தேறாது.

இப்போ அதே ஆள், அதே பையோடு திருச்சியில் இருந்து சிங்கப்பூர் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சர்வதேசப் பயணம், மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வரும். இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. அதில் பெட்டிக்கான வரம்பு 2024 டிசம்பர் 28-ல் இருந்து 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. நம்ம பணத்தில் தோராயமாக ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டி வரும். அதுமட்டும் இல்லை. அந்த உடன்படிக்கையின் 26-வது பிரிவு, தன் பொறுப்பில் இருந்து நழுவிக்கொள்ள நிறுவனம் எழுதும் எந்த நிபந்தனையும் செல்லாது என்கிறது. சர்வதேச வரம்பு அவ்வப்போது திருத்தப்படுகிறது. 2009 முடிவில் 1,131, 2019 முடிவில் 1,288, இப்போ 1,519. உள்நாட்டு இருபதாயிரம் அங்கேயே நிற்கிறது.

அதே கேமரா, அதே பை, அதே மாதிரி தூக்கிப் போடுகிற கை. நடுவில் கடல் இருந்தால் ஒன்றே முக்கால் லட்சம். இல்லையென்றால் இருபதாயிரம். இதுக்கு என்ன லாஜிக்னு யாராவது சொல்லுங்கப்பா.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கே?

இருக்கு. ஏழு கிலோவுக்குக் காரணம் சொல்வார்கள். மேல் தட்டில் இருந்து கனமான பை யார் தலையிலாவது விழுந்தால் வம்பு. தட்டு தாங்கும் எடைக்கும் ஒரு அளவு உண்டு. ஏடிஆர் மாதிரி சின்ன விமானத்தில் எங்கே எவ்வளவு எடை என்பதும் முக்கியம். எல்லாம் உண்மை. ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்பதும் உண்மை.

ஆனால் நான் யாரையும் சலுகை கேட்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு ஒரு வழி கொடுங்கள் என்கிறேன். அமெரிக்காவில் இசைக் கலைஞர்கள் ரொம்ப நாள் சண்டை போட்டு 2012-ல் ஒரு சட்டம் வாங்கினார்கள், 2015-ல் அதற்கு விதியும் வந்தது. வயலின், கிடார் மாதிரி சின்ன வாத்தியம் ஏறும் நேரத்தில் தட்டில் இடம் இருந்தால் அனுமதித்தே ஆகணும். பெரிய வாத்தியத்துக்கு ஒரு சீட்டே வாங்கிக்கொள்ளலாம். வாத்தியம் கலைஞனின் பிழைப்பு என்று ஒரு நாடு ஒத்துக்கொள்ளும்போது, கேமராவும் ஒருத்தனின் பிழைப்பு என்று ஒத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?

மாறுகிற வரைக்கும் எப்படிக் கட்டுறது?

புலம்பிவிட்டு மட்டும் போனால் நல்லா இருக்காது. நாங்கள் கடைப்பிடிக்கிறதைச் சொல்றேன்.

1. பைக்குள் ஒரு பை. பேட்டரி, மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் மூன்றையும் ஒரு சின்னப் பையில் போட்டு, பெரிய பையின் மேல்பக்கம் வைக்கணும். 'கீழே போடுங்க' என்று சொன்னால் ஐந்து நொடியில் உருவி தோளில் மாட்டிக்கொள்ளலாம். பேட்டரி முனைகளுக்கு மூடி போடுங்க. மூடி தொலைந்திருந்தால் ஒரு துண்டு டேப் போதும். சாவி, சில்லறை உரசினால் ஷார்ட் ஆகும்.

2. எடையைப் பிரியுங்க. லேப்டாப் பைக்கு ஏழு கிலோ போக மூன்று கிலோ வரைக்கும் தனியாக அனுமதிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. டிக்கெட் போடும் முன்னாடியே அதைப் பாருங்க. அது இருந்தால் மேலே சொன்ன ஒன்பதரை கிலோ முழுசும் நேர்மையாகவே மேலே போய்விடும். போட்டோகிராபர் ஒருத்தரும் உதவியாளர் ஒருத்தரும் போனால், ஒரு கேமராவும் ஒரு லென்ஸும் உதவியாளர் பையில் இருக்கட்டும். ஒரு பை போனாலும் கல்யாணம் நிற்காது.

3. பை இலகுவாக இருக்கட்டும். சாதாரண முதுகுப் பை, உள்ளே பஞ்சு வைத்த தடுப்பு. ஒரு கிலோவுக்குள் முடியும். மேலே பெரிய எழுத்தில் கேமரா கம்பெனி பேர் வேண்டாம். ரயில்வே ஸ்டேஷனில் இருந்தே நம்மைப் பின்தொடர்ந்து வருவார்கள்.

4. லென்ஸைக் கழற்றிக் கட்டுங்க. நம்மூர் மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியும்தானே? பெரிய சிலையை வெளியூருக்குக் கட்டும்போது, நீட்டிக்கொண்டிருக்கும் கையிலும் விரலிலும் எடை விழாத மாதிரி பார்த்துக் கட்டணும். லென்ஸ் மாட்டிய கேமராவும் அப்படித்தான். கேமராவும் லென்ஸும் சேரும் வளையத்தில்தான் அத்தனை அடியும் இறங்கும். கழற்றி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, தனித்தனி அறையில் வையுங்க.

5. கீழே போகலாம் என்பது எதெது? டிரைபாட், லைட் ஸ்டாண்ட், குடை, சாஃப்ட்பாக்ஸ், வயர், துணி. டிரைபாடை மேலே கொண்டு போக முயற்சி பண்ணாதீங்க. பாதுகாப்புச் சோதனையில் இருப்பவர் மனசு வைத்தால்தான் உண்டு. அதன் தலைப்பகுதியைக் கழற்றி, லுங்கியில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்க. லுங்கியை விட நல்ல பேக்கிங் பொருள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை :-)

6. வரும்போது கார்டு உடம்பில். எல்லாத்தையும் விட முக்கியம் இதுதான். போகும்போது பையில் இருப்பது பணம். வரும்போது பையில் இருப்பது அடுத்தவன் கல்யாணம். கேமரா போனால் இன்னொன்று வாங்கலாம், தாலி கட்டுறதை ரீடேக் எடுக்க முடியுமா? விமானம் ஏறும் முன் இரண்டு காப்பி. ஒன்று ஹார்ட் டிஸ்கில் உதவியாளரிடம், ஒரிஜினல் கார்டு உங்கள் சட்டைப் பையில். ஸ்கேனரில் போனால் மெமரி கார்டுக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். பிலிம் ரோல் வைத்திருக்கும் ரசிகர்கள் மட்டும் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். புதுசாக வரும் சிடி ஸ்கேனர் பிலிமைக் கெடுத்துவிடும்.

7. காகிதம். பில், சீரியல் நம்பர், கிளம்பும் அன்று எடுத்த படம் எல்லாம் மெயிலில் இருக்கட்டும். வெளிநாடு போனால் கிளம்பும்போதே சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் திரும்பி வரும்போது 'இது அங்கே வாங்கியதா?' என்று கேட்பார்கள், வரி கட்டச் சொன்னாலும் சொல்லலாம். வேலைக்காகவே நிறையப் பொருள் கொண்டு போகிறவர்களுக்கு ஏடிஏ கார்னே என்று ஒரு ஏற்பாடு உண்டு. இந்தியாவில் அதை ஃபிக்கி கொடுக்கிறது. சிங்கப்பூர் மச்சானிடம் டிரோன் வாங்கி வரச் சொல்லாதீர்கள். 2022 பிப்ரவரி 9-ல் இருந்து வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை.

8. உடைந்தால் அங்கேயே எழுதுங்க. வெளியே வந்த பிறகு சொன்னால் எடுபடாது. பெட்டி வரும் பெல்ட் பக்கத்திலேயே கவுண்டர் இருக்கும், பிஐஆர் என்கிற படிவம் கேட்டு வாங்குங்கள். எழுத்துப் புகாருக்கு உடைந்த பெட்டி என்றால் ஏழு நாள்தான் கெடு. அதற்கப்புறமும் நியாயம் கிடைக்கவில்லை என்றால், 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். 'நீ தொழில் செய்கிறவன், நுகர்வோர் இல்லை' என்று சொன்னால் மசியாதீர்கள். சுயதொழில் செய்து பிழைக்கிறவனும் நுகர்வோர்தான் என்று அந்தச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது.

9. இன்சூரன்ஸ். வீட்டு பாலிசியில் தொழில் கேமரா அடங்கும் என்று நம்பி உட்காராதீர்கள். தொழிலுக்கு என்று தனியாக எடுங்கள். எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி: 'விமானத்தின் அடியில் போகும்போது உடைந்தால் தருவீர்களா?' பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

என்ன மாறணும்?

நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, உள்நாட்டு வரம்பான இருபதாயிரத்தை உயர்த்தணும். சர்வதேச அளவுக்கே கொண்டு வந்தால் நல்லது. குறைந்தபட்சம் விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிற மாதிரியாவது செய்யணும்.

இரண்டு, பொருளின் மதிப்பை முன்கூட்டியே அறிவித்து, கூடுதல் கட்டணம் கட்டி, முழு மதிப்புக்கும் பொறுப்பு வாங்கும் வசதி மாண்ட்ரியல் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அதை நம்ம ஊர் கவுண்டரில் கேட்டால் ஊழியரே முழிக்கிறார். டிக்கெட் போடும்போதே சாப்பாடு, சீட்டு, இன்சூரன்ஸ் என்று பத்து டப்பாவை டிக் பண்ணச் சொல்கிற தளத்தில் இதற்கும் ஒரு டப்பா வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பொட்டி தட்டுகிறவன் சொல்றேன், அரை நாள் வேலை.

மூன்று, படிக்கட்டில் வைத்துப் பையை வாங்கினால், அந்த நிமிஷத்தில் இருந்து அது நிறுவனத்தின் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கணும். 'உடையும் பொருள்' என்கிற சாக்கு அந்தப் பைக்குச் செல்லக் கூடாது. நான் கீழே வைக்க விரும்பவில்லை, நீங்கள்தான் வாங்கினீர்கள். பையை வாங்குகிற உரிமை மட்டும் வேணும், பொறுப்பு மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

இது போட்டோகிராபர் பிரச்சினை மட்டும் இல்லை. வீணை கொண்டு போகிறவர், காது கேட்கும் கருவி பழுது பார்க்கிறவர், சின்ன மெஷினை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு போகும் வியாபாரி என்று, தன் தொழிலைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிற எல்லாருக்கும் இதே கதைதான். சின்ன ஊர்களுக்கு விமானம் விட்டது நல்ல காரியம். சின்ன ஊர்க்காரன் அந்த விமானத்தில் என்ன எடுத்துக்கொண்டு ஏறுவான் என்றும் யாராவது யோசிச்சிருக்கலாம்.

அதுவரைக்கும் பேட்டரி கைப்பையில, பில்லு மெயில்ல, கார்டு சட்டைப் பையில. அவ்ளோதாங்க.